பேராண்டி, பலகை வைக்கப் போறியாமே!

வாடா பேராண்டி, இப்படிக் குந்து. ஏரிக்கரை வேடியப்பன் நடுகல்லு பக்கத்துல சரித்திரப் பலகை வைக்கப் போறீங்கன்னு டீக்கடையில பேசிக்கிட்டாங்க. மன்றத்துல தீர்மானமும் போட்டாச்சாம். கேக்கவே வயிறு நெறைஞ்சி போச்சி. அந்தக் காலத்து ஆளுங்களுக்குத் தீர்மானம் போடத் தெரியல பாரு. கல்லை நட்டுட்டு மாட்டைப் பாக்கப் போயிட்டானுங்க.

எழுதி வெச்சிருக்கிற வாசகத்தைக் காட்டு. அந்தக் கண்ணாடியை எடு. காது ஒடிஞ்சி நூல் கட்டியிருக்கேன், பிடிச்சி இழுக்காதே.

அடேங்கப்பா! எட்டடிக்கு ஆறடியா? வேடியப்பன் மொத்தமே மூணடிதானே. நல்லதுதான், இனிமே அவனுக்கு வெயில் படாது. மேலே தலைவருங்க படம் வரிசையா இருக்குது. அதுக்குக் கீழே சிரிச்சிக்கினு நம்ம வட்டம், அதுக்கும் கீழே கும்பிட்டுக்கினு நம்ம கிளை. ஓரத்துல யாருக்கோ பொறந்த நாள் வாழ்த்து வேற. சரி, செலவோட செலவு. ‘உலகின் முதல் மாவீரன்’, ‘ஐயாயிரம் ஆண்டுப் பழமை.’ ஐயாயிரம்னு யாருடா அளந்தது? எழுத்துக்கு இவ்வளவுன்னு கூலி, பூஜ்யத்துக்குக் காசு இல்லைன்னு அச்சடிக்கிறவன் ஒண்ணை இனாமாச் சேத்துட்டானா? திறந்து வைப்பவர், தலைமை, முன்னிலை, வாழ்த்துரை, நன்றியுரை, ஒலி ஒளி. எல்லாம் லட்சணமா இருக்குது. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். கல்லுக்குள்ள நிக்கிறானே ஒருத்தன், அவன் யாரு, எதுக்குச் செத்தான்னு எங்கேயும் காணோமே. எடம் பத்தலையா?

மூஞ்சியைத் தூக்காதே. ஒரு நாயைப் பத்திச் சொல்றேன், கேட்டுட்டு அப்புறம் கோவிச்சுக்க.

தண்டராம்பட்டுப் பக்கம் எடத்தனூர்னு ஒரு ஊரு. அங்கே ஒரு நடுகல்லு. மகேந்திரவர்மப் பல்லவனோட 34-ஆவது ஆட்சி ஆண்டுல நட்டது, அதாவது ஏழாம் நூற்றாண்டோட முற்பகுதி. ஆயிரத்து நானூறு வருசம்னு வெச்சுக்கயேன். வாணகோ அரசரோட மருமகன் பொற்றொக்கையார். அவரோட ஆளு கருந்தேவகத்தி. தன்னோட எருமையைக் காப்பாத்தப் போயி விழுந்துட்டான். இவ்வளவும் கல்லுல இருக்குது. அதோட விடல. அவன்கூட ஒரு நாய் இருந்துச்சு. அது கள்ளனைக் கடிச்சிக் காவல் நின்னுது. அதையும் அங்கேயே செதுக்கி, அந்த நாய்க்குப் பேரு கோவிவன்னு எழுதியும் வெச்சிட்டாங்க. நாய்க்குடா, நாய்க்கு! உன் பலகையில மைக்செட்டுக்காரன் பேரு இருக்குது, செத்தவன் பேரு இல்ல.

இதுல இன்னொரு வேடிக்கை. மகேந்திரவர்மன் ஒண்ணும் பேராசை இல்லாத ராசா கிடையாது. விசித்திரசித்தன், மத்தவிலாசன், குணபரன்னு பட்டப்பேரு சேக்கறதுல இன்னிக்கி இருக்கிற ஆளுங்களுக்கெல்லாம் அவன்தான் வாத்தியாரு. விழுப்புரம் பக்கம் மண்டகப்பட்டுல குகைக்கோயில் குடைஞ்சிட்டு, செங்கல் இல்லாம, மரம் இல்லாம, உலோகம் இல்லாம, சுண்ணாம்பு இல்லாமப் பண்ணினேன்னு தன் பேரைச் சொல்லி எழுதிக்கினவன். அப்பேர்ப்பட்டவன் பேரு எடத்தனூர்க் கல்லுலயும் முதல் வரியிலதான் இருக்குது. ஆனா எதுக்கு இருக்குது தெரியுமா? தேதிக்கு. இன்ன ராசாவோட இத்தனாவது வருசம், அவ்வளவுதான். எருமைக்காரன் எப்ப செத்தான்னு சொல்றதுக்கு ஒரு சக்கரவர்த்தியைக் காலண்டராத் தொங்க விட்டிருக்கானுங்க எங்க ஆளுங்க. செங்கம் வட்டாரம் பூரா இதே கதைதான். 1972-லயே ‘செங்கம் நடுகற்கள்’னு தொல்லியல் துறை தனிப் புத்தகமே போட்டுது. அதுல வர்ற பல்லவ ராசாக்கள்ல பாதிப் பேருக்கு இந்தக் காட்டுல பாத்த உத்தியோகம் காலண்டர் உத்தியோகம்தான்.

இப்ப நம்ம பஸ் நிழற்குடைக் கல்லைப் போய்ப் பாரு. அதுல தேதி மூலையில சின்னதா இருக்குது, மாண்புமிகு பெருசா இருக்குது. நிழற்குடைக்கு அது சரி. அங்கே யாரும் சாகல, பஸ்ஸுக்குக் காத்துக்கினு கெடக்கிறவனைத் தவிர. ஆனா நடுகல்லுக்கும் அதே அச்சுல வார்க்கறீங்க பாரு, அங்கேதான் எனக்குச் சிரிப்பு வருது.

கோழிக்குக் கூட கல்லு இருக்குதுடா. விழுப்புரம் பக்கத்துல அரசலாபுரம். முகையூர் மேற்சேரிக்காரங்க கோழி. சண்டையில செத்துது, கல்லுல சேவலைச் செதுக்கி சேதியும் எழுதிட்டாங்க. இந்தளூர்ல இன்னொண்ணு, அதுக்குப் பொற்கொற்றின்னு பேரே இருக்குது. நல்லா கவனி, மேற்சேரின்னு தெருவு வரைக்கும் விலாசம் குடுத்திருக்கான். எந்தச் சேரிக் கோழி, எந்த ஊருன்னு பின்னாடி வர்றவன் கேப்பான்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்குது. உன் பலகையில ‘நமது மண்ணின் மைந்தர்’. எந்த மண்ணு? ஏரி மண்ணா, செம்மண்ணா?

சுருக்கமா எழுதினா மரியாதை கொறைஞ்சிடும்னு பயமோ? தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில, வைகைக் கரையில, 2006-ல தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்காரங்க கல்லு கண்டெடுத்தாங்க. தமிழ் பிராமி எழுத்து. ஏசு பொறக்கறதுக்கு முன்னாடிக் காலத்துதுன்னு படிச்சவங்க சொல்றாங்க. ஒரு கல்லுல இருக்கிறது அஞ்சாறு சொல்லு. கூடல் ஊர்ல மாடு பிடி சண்டை, அதுல விழுந்தவன் பேடு ஊர்க்காரன் தீயன் அந்தவன், இது அவன் கல்லு. தீந்துது. ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல ஆயும் எவன், எந்த ஊரு, எதுல செத்தான் மூணும் கையில கெடைச்சிடுது. ‘மாவீரன்’னு ஒரு சொல்லு அதுல இல்ல. செத்தவனைப் பாத்தவங்க எழுதினது, அவங்களுக்கு அந்தச் சொல்லு தேவைப்படல.

தொல்காப்பியத்துல இந்தக் கல்லு நடற காரியத்தை ஆறாப் பிரிச்சி வெச்சிருக்காங்க, பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பே. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. நல்ல கல்லாப் பாக்கணும், நாள் குறிக்கணும், தண்ணியில குளுப்பாட்டணும், நடணும், படையல் போடணும், கடைசியா வாழ்த்தணும். ஆறுல அஞ்சு வேலை உடம்பு நோவற வேலை. இப்ப நீங்க அந்த அஞ்சையும் குத்தகைக்காரன்கிட்டக் குடுத்துட்டு ஆறாவதை மட்டும் கையில வெச்சிக்கினீங்க. அந்த வாழ்த்தும் கல்லுக்குப் போவல, மேடைக்குப் போவுது.

சாதி சங்கத்துலேர்ந்து ரெண்டு கோஷ்டி வேடியப்பனைக் கேட்டு வந்துட்டுப் போச்சாமே? இந்தப் பக்கத்தான் எங்க பாட்டன்கிறான், அந்தப் பக்கத்தான் எங்க பூட்டன்கிறான். உயிரோட இருந்தப்ப அந்தக் கல்லுக்காரனுக்கு ஒரு வாய் கூழு ஊத்தியிருப்பாங்களோ என்னமோ, இப்ப சொத்துல பங்கு கேக்க வந்துட்டாங்க. அவங்க ரெண்டு பேரையும் சண்டை போட விட்டுடாதே. ஒரு யுக்தி சொல்றேன். கல்லுக்காரன் உங்க பாட்டன்தான், ஒத்துக்கறோம். அதனால வருசா வருசம் கரையில முள்ளு வெட்டி, எடம் கூட்டிப் பெருக்கறது இனிமே உங்க பொறுப்புன்னு எழுதிக் கையெழுத்து வாங்கு. பாட்டன் எவனுக்கும் வேணாம்னு ரெண்டு பேரும் வண்டியேறிடுவாங்க.

நம்ம வேடியப்பன் யாருன்னு உனக்கே தெரியாதில்ல? எனக்கும் தெரியாது. இந்தப் பக்கம் காட்டுல நிக்கிற வில்லுக்காரன் அத்தனை பேரும் நமக்கு வேடியப்பன்தான். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போனா கிருஷ்ணாரப்பன், மீனாரப்பன்கிறான். உண்மைப் பேரு வேற இருக்கும். அது எங்கேயும் ஓடிப் போவல. தலைமொறை தலைமொறையா நாம ஊத்தின எண்ணெய்க்கும் பூசின மஞ்சளுக்கும் அடியில கெடக்கலாம். போன திருவிழாவுல நீங்க அடிச்சீங்களே வெள்ளி பெயிண்டு, அதுக்கும் அடியில. இத்தனை நாளு கும்பிட்டோம், ஒருத்தனும் படிச்சிப் பாக்கல. பலகைக்கு வாசகம் தேடி எங்கேயெல்லாமோ அலைஞ்சியே, கல்லோட நெத்தியைத் தடவிப் பாத்தியா? தலைக்கு மேலே வரிவரியாக் கையில தட்டுப்பட்டா அது எழுத்து.

தட்டுப்பட்டா உடனே உளியைத் தூக்காதே. கம்பி பிரஷ் வேணாம், ஆசிட் வேணாம், சாக்குக்கட்டியால எழுத்து மேல ஓட்டிப் போட்டோ எடுக்கறதும் வேணாம், நீ ஓட்டறது தப்பா இருந்தா ‘ப’வை ‘வ’ன்னு நாளைக்கு நாலு பேரு எழுதிடுவான். தொல்லியல் துறைக்கு ஒரு கடுதாசி போடு. கல்வெட்டுக்காரங்க வருவாங்க. தாளைத் தண்ணியில நனைச்சிக் கல்லு மேல ஒட்டி, பிரஷ்ஷால தட்டித் தட்டி எழுத்துக்குள்ள தாளை எறக்கி, மேலே மையை ஒத்தி எடுப்பாங்க. பள்ளம் வெள்ளையா நிக்கும், மிச்சம் கறுத்துடும். மைப்படின்னு பேரு. அதை வெச்சிப் படிப்பாங்க. எழுத்தே இல்லைன்னா உருவத்தைப் படிக்கலாம். உடம்புல அம்பு தச்சிருக்குதா, காலடியில மாடு இருக்குதா, கெண்டியும் சிமிழும் இருக்குதா, ரெண்டு பக்கமும் சாமரம் வீசற பொண்ணுங்க இருக்காங்களான்னு பாரு. சாமரம் இருந்தா ஆளு சொர்க்கத்துக்குப் போயிட்டான்னு அர்த்தம். எதிர்ல புலி இருந்தா புலிகுத்திப்பட்டான். எதுவும் தெரியலைன்னா ‘பேர் தெரியவில்லை’ன்னே பலகையில போடு. அதுல வெக்கம் இல்ல. உலகின் முதல்னு போட்டுட்டுப் பக்கத்து ஊர்க்காரன் அவன் பலகையிலயும் உலகின் முதல்னு போடுவானே, அப்பத்தான் வெக்கம்.

பேரு இருந்தும் எழுதாம விட்டவங்களும் உண்டு. வேலூர் லாங்கு பஜார்ல மணிக்கூண்டு இருக்குதில்ல, வாழைக்காய் பேரம் பேசறப்ப கொஞ்சம் தலையைத் தூக்கிப் பாரு. இங்கேர்ந்து முதல் உலகப் போருக்கு 277 பேர் போனாங்க, அதுல 14 பேர் உயிரை விட்டாங்கன்னு வெள்ளைக்காரன் கல்லு பதிச்சிருக்கான். கணக்குல ஒரு கொறையும் சொல்ல முடியாது. ஆனா அந்தக் கல்லுல 14 பேர்ல ஒருத்தன் பேரும் கெடையாது. சம்பளப் பட்டியல்ல பேரு இல்லாமலா இருந்திருக்கும்? ஆடு எண்ணறவன் தலையை எண்ணிட்டுப் போறது போல எண்ணிட்டுப் போயிட்டான். எடத்தனூர்ல நாய்க்குக் கெடைச்சது அங்கே மனுசனுக்குக் கெடைக்கல. இதைச் சொன்னா நீங்க வெள்ளைக்காரனைத் திட்டுவீங்க. திட்டுங்க. திட்டிட்டு உங்க பலகையையும் ஒரு தரம் படிச்சிடுங்க.

நீலப் பலகையைப் பத்திச் சொல்லாம விட்டா அதுக்குக் கோவம் வந்துடும். பழைய கோயில், கோட்டை வாசல்ல மத்திய சர்க்கார் தொல்லியல் துறை நட்டிருக்கும். நீலத்துல வெள்ளை எழுத்து. 1958-ஆம் வருசச் சட்டப்படி இது பாதுகாக்கப்பட்ட சின்னம், இதை ஒடைச்சா, அழிச்சா, கிறுக்கினா ரெண்டு வருசம் வரைக்கும் ஜெயிலு, இல்ல லட்ச ரூபா வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். உள்ளே இருக்கிறது யாரு கட்டினது, எதுக்குக் கட்டினதுன்னு அந்தப் பலகைக்கிட்டக் கேக்காதே. அதுக்கு வேற கல்லு, சில எடத்துல இருக்கும், சில எடத்துல இருக்காது. முதல் தடவை வர்றவனுக்கு அது கோயிலா, கோர்ட்டான்னு சந்தேகம் வந்துடும். ஆனா ஒண்ணு, அதுல திறந்து வைத்தவர் பேரு இருக்காது. அந்த வகையில உன்னுதை விட அது தேவலாம்.

அப்புறம் அந்த மூலையில இன்னா அது, கறுப்பும் வெள்ளையுமா கட்டம் கட்டமா? செல்லுல பிடிச்சா விவரம் வருமா? பலே. கட்டத்தைப் பிடிக்க செல்லு வேணும், செல்லுக்கு சார்ஜ் வேணும், ஏரிக்கரையில சிக்னல் வேணும். தருமபுரிப் பக்கத்துல பதிமூணாம் நூற்றாண்டு மைல்கல்லு இருக்குது. அதியமான் பெருவழி, நாவற்தாவளத்துக்கு 29 காதம்னு எழுதியிருக்குது. எழுத்து தெரியாதவன் இன்னா பண்ணுவான்? அதுக்கும் வழி பண்ணியிருக்கான். கீழே பெரிய குழி ரெண்டு, சின்னக் குழி ஒம்பது. பெருசு பத்து, சிறுசு ஒண்ணு. ராத்திரியில பொதி மாடு ஓட்டிக்கினு வர்றவன் விரலால தடவினாப் போதும், 29. சேலம் மாவட்டம் ஆறகழூர்லயும் ஒரு கல்லு, மகதேசன் பெருவழியில காஞ்சிபுரத்துக்கு 16 காதம். அதுல 16 குழி. கண்ணு தெரியாதவன், எழுத்து தெரியாதவன், விளக்கு இல்லாதவன் மூணு பேரையும் நெனைச்சிப் போட்ட கல்லு அது. நம்ம ஊர்ப் பெருசுங்கள்ல பாதிப் பேருக்குக் கண்ணு மங்கல், மீதிப் பேருக்கு எழுத்து மங்கல். உன் பலகை எழுத்தைக் கொஞ்சம் பெருசாப் போடு. படங்களை எடுத்துட்டா எடம் தானா வந்துடும்.

ரோட்டோரம் பேரே இல்லாத சரித்திரம் ஒண்ணு இருக்குது, அதுக்கும் பலகை வைக்கணும்னு ஆசை வந்துடப் போவுது, இப்பவே சொல்லிடறேன். கூட்டுரோட்டுல ரெண்டு கல்லு நட்டு மேலே ஒரு கல்லு படுக்க வெச்சிருக்குதே, பசங்க ஏறிக் குந்தி செல்லு நோண்டற எடம். சுமைதாங்கி. சந்தைக்குத் தலைச்சுமையாப் போறவங்க, தூக்கி விட ஆள் இல்லாமலே தோள் உசரத்துல மூட்டையை எறக்கிட்டு, அப்படியே மறுபடி தலைக்கு மாத்திக்கலாம். வயித்துப் பிள்ளையோட செத்துப் போன பொண்ணுக்காக அவ வீட்டு ஜனங்க வைக்கிறது அது. அவ எறக்காமப் போன சுமையை ஊரு எறக்கட்டும்னு. யாழ்ப்பாணத்துப் பக்கம் அதுகூடவே ஆவுரஞ்சிக்கல்லும் நட்டு வைப்பாங்களாம், மாடு வந்து முதுகு ஒரசிக்கறதுக்கு. எங்க சின்னாயி முனியம்மாவுக்கு வெச்ச கல்லு அந்தக் கூட்டுரோட்டுக் கல்லு. கல்லுல எழுத்து கெடையாது. ரோடு அகலம் பண்ண வந்தவன் இது யாருதுன்னு கேட்டான். மூட்டையை எறக்கினவங்கள்லாம் வாய் தொறக்காம நின்னாங்க. நான்தான் ஒரு பொய்யைச் சொன்னேன், இது சாமின்னு. மஞ்சத் துணி ஒண்ணும் கட்டி விட்டேன். பத்தடி தள்ளி நட்டுட்டுப் போயிட்டான். இன்னும் ரெண்டு தலைமொறையில அதுவும் வேடியப்பனுக்குத் தங்கச்சின்னு ஆயிடும். சரித்திரம் இப்படித்தான் காணாமப் போவுது, என்னை மாதிரி ஆளுங்களாலதான். அதனால அதுக்குப் பலகை வைக்கிறதானா ‘முனியம்மா, நிறைமாசத்துல செத்தா’ன்னு மட்டும் போடு. ‘வீரமங்கை’ன்னு போட்டே, கையை ஒடைச்சிடுவேன்.

இப்ப பேனாவை எடு. எட்டடி வேணாம், ரெண்டடிக்கு ஒண்ணரை அடி போதும். பிளாஸ்டிக் துணி வேணாம், ஆடிக் காத்துல அது மாட்டுக் கொட்டாய்க்குக் கூரையாப் போயிடும். கருங்கல்லு போடு, நம்ம ஊர்ல அதுக்கா பஞ்சம். கல்லுக்கு முன்னாடி நடாதே, ஒரு பக்கமாத் தள்ளி நடு. சிமெண்ட்டை வேடியப்பன் கால்ல ஊத்தாதே. மூணே வரி. இன்னார் கல், இல்ல பேர் தெரியவில்லை. எதுக்காக விழுந்தான். ஏறக்கொறைய எந்தக் காலம், அதை யார் படிச்சிச் சொன்னாங்க. மாடு மேய்க்கிற பையன் எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படிச்சா ஆட்டுக்காரக் கிழவிக்குப் புரியணும்.

காசு குடுத்தவங்க பேரு இன்னா ஆவறதுன்னு கேப்பே, தெரியும். பேரு போடலைன்னா பணம் வராது, அதுவும் தெரியும். கவலைப்படாதே, ஒருத்தர் பேரையும் விடாம பின்பக்கம் அடிச்சிடு. மாண்புமிகு, வட்டம், கிளை, ஒலி ஒளி எல்லாம் அங்கேயே வரிசையாப் போட்டுடு, எழுத்தையும் நல்லாப் பெருசா வெச்சிடு. பின்பக்கம் ஏரியைப் பாத்துதானே இருக்குது? தண்ணி வந்தா மீனு படிக்கும், வரலைன்னா ஆடு படிக்கும்.